ஐயாயிரம் ஃபாலோயரும் அரை லிட்டர் கூந்தல் தைலமும்

இன்ஸ்டாகிராமில் ஐயாயிரம் ஃபாலோயர் சேர்ந்துவிட்டால், வீட்டில் யாரையும் கேட்காமலே உங்களுக்கு ஒரு புதுத் தொழில் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கிரியேட்டர். ஆயிரத்துக்கு மேல், பத்தாயிரத்துக்குள் இருப்பவர்களை விளம்பரத் தொழிலில் 'நானோ' என்பார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். பத்து லட்சம் பேர் வைத்திருக்கும் பெரிய கைகளிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது தெரிந்துதான் கம்பெனிகள் உங்கள் இன்பாக்ஸைத் தட்டுகின்றன. அதன் விலை என்ன என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்வரை எல்லோருக்கும் லாபம்.

முதல் வேலை, இருக்கிற சரக்கைக் கணக்கெடுப்பது. சரக்கு என்றால் அந்த ஐயாயிரம் பேர்தான். லால்குடியில் இருக்கும் சித்தி, சித்தியின் மகளிர் குழு, கல்லூரியில் கூடப் படித்தவர்கள், அவர்கள் வாக்கப்பட்டுப் போன வீட்டு நாத்தனார்கள், பிள்ளையின் ஸ்கூல் வேன் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் அம்மாக்கள், உங்களுக்கு ஆரி ஒர்க் பிளவுஸ் தைத்துத் தரும் டெய்லர் அக்கா. இவர்கள் போக, 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்து, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தபோது மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் குடியேறியவர்கள் கொஞ்சம். 'ஃபாலோ பண்ணுங்க, நானும் பண்றேன்' வகையறா கொஞ்சம். ஒருமுறை குக்கர் கிவ்அவே அறிவித்தபோது வந்து, குக்கர் கிடைக்காமல், ஆனாலும் போக மறந்தவர்கள் மிச்சம்.

இதில் நீங்கள் சொன்னால் நம்பிக் காசு போட்டுப் பொருள் வாங்குபவர்கள் சித்தியும் அவரைச் சேர்ந்தவர்களும் மட்டுமே. அவர்களுக்கு உங்களைத் தெரியும். அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் உங்களுக்கு எதிர் இலையில் உட்காரப் போவதும் அவர்கள்தான். இந்த இரண்டாவது விவரத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தொழிலுக்கு உதவாது.

ஃபாலோயர் போதவில்லை என்றால் விலைக்கும் கிடைக்கும். வாயில் நுழையாத பெயர், முகம் இல்லாத படம், ஒரு பதிவும் கிடையாது. கேள்வி கேட்க மாட்டார்கள், ஆர்டர் போட்ட பொருள் வரவில்லை என்று அழ மாட்டார்கள். குணத்தில் தங்கமானவர்கள். ஒரே இடைஞ்சல், விளம்பர ஏஜென்சி உங்களிடம் 'இன்சைட்ஸ்' ஸ்கிரீன்ஷாட் கேட்கும். பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று வர வேண்டிய இடத்தில் வேறு கண்டத்து நகரம் ஒன்று முதலில் நின்றால், "எங்க சித்தப்பா அங்கதான் இருக்காங்க" என்று சமாளிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து பயோ. 'கனவுகளின் காதலி', 'அம்மாவின் இளவரசி' இதெல்லாம் போகட்டும். 'கொலாபுக்கு டிஎம்' என்று போடுங்கள். யாரும் டிஎம் செய்யாவிட்டால் என்ன செய்வது? உங்கள் காசிலேயே ஒரு ஃபேஸ்வாஷ் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, கம்பெனியை டேக் செய்து, அவர்கள் அனுப்பியது போல நன்றி சொல்லிப் போடுங்கள். ஒரு கம்பெனி உங்களைத் தேடியது என்று தெரிந்தால்தான் இன்னொரு கம்பெனி தேடும். இப்படிப் போட்டுவிட்டால், உங்கள் ரீலுக்குக் கீழே வரிசையாகக் கமெண்ட் விழும்: "செம, இந்தப் பேஜுக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்களை பிராண்ட் அம்பாசடர் ஆக்குறாங்க." மெசேஜ் செய்தால், நகையோ சட்டையோ இலவசம், கூரியர் செலவு 499 மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்பார்கள். அந்த நகை தெருமுனைக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும். சொந்தக் காசில் வாங்கி அடுத்தவன் கடைக்கு விளம்பரம் செய்கிறவர் என்ற நிலையை அத்தோடு நீங்கள் இரண்டாவது முறையாக எட்டியிருப்பீர்கள்.

கமர்ஷியல்ஸ் ப்ளீஸ்

ஒருநாள் உண்மையான மெசேஜ் வரும். 'ஹாய் டியர்' என்று ஆரம்பித்தால் ஏஜென்சி. 'வணக்கம் மேடம்' என்றால் ஊர்க் கடைக்காரர். டியர் என்று அழைப்பவர் உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் ரீல் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. '5கே டு 10கே தமிழ்' என்ற எக்செல் ஷீட்டில் நீங்கள் நாற்பதாவதோ நானூறாவதோ வரி. இருந்தாலும் அந்த டியரில் ஒரு சுகம் இருக்கிறது. அனுபவியுங்கள்.

"உங்க புரொஃபைல் ரொம்பப் பிடிச்சிருக்கு டியர். 1 ரீல், 2 ஸ்டோரி. கமர்ஷியல்ஸ் ஷேர் பண்ணுங்க."

இந்தத் தொழிலில் கமர்ஷியல்ஸ் என்றால் உங்கள் ரேட். கேட்டவுடன் சொல்லிவிடக் கூடாது, அரை மணி நேரம் பிஸியாக இருங்கள். அந்த அரை மணியில் தோழிக்குப் போன் போட்டு "எவ்வளவு கேக்கலாம்டி?" என்று கேளுங்கள். அவளுக்கும் தெரியாது. தக்காளி விலையை ஊருக்கெல்லாம் பலகையில் எழுதிப் போடும் நாட்டில், ரீல் விலையை மட்டும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் உங்கள் மனதில் தோன்றும் தொகையைப் பாதியாக்கி, பயத்துக்கு ஒரு ஐந்நூறு கழித்து அனுப்புவீர்கள்.

"4,000."

"பட்ஜெட் டைட் டியர்."

"3,000?"

"பிராண்ட் சைடுல 1,000தான் அப்ரூவ் ஆகியிருக்கு. இத முடிச்சுட்டா லாங் டெர்ம் போலாம்."

லாங் டெர்ம் என்றதும் ஒப்புக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் ஒப்புக்கொள்கிறார்கள். கம்பெனி ஒரு பெரிய ஏஜென்சியிடம் கொடுக்கும், அது சின்ன ஏஜென்சியிடம் கொடுக்கும், அது 'டேலண்ட் மேனேஜர்' என்ற தம்பியிடம் கொடுக்கும், அவர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது போல, மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது உங்கள் வயலுக்குத் தெரியாது.

ஆயிரம் ரூபாயாவது வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் அடுத்த மெசேஜில், "திஸ் இஸ் எ பார்ட்டர் கொலாப் டியர்" என்று வரும். காசு கிடையாது, பொருள் உண்டு. அந்தப் பொருள் பெரும்பாலும் கூந்தல் தைலமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இன்ஸ்டாகிராம் பேஜ் ஆரம்பித்த பாதிப்பேர் கூந்தல் தைலம் காய்ச்சுகிறார்கள் என்று நான் சந்தேகிக்கிறேன். மீதிப்பேர் நலங்கு மாவு அரைக்கிறார்கள்.

தைலம் வந்து இறங்குகிறது

அரை லிட்டர் பாட்டில். லேபிளில் முழங்கால்வரை கூந்தல் உள்ள பெண். பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் திருப்புவீர்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோ முகத்துக்குப் பூசும் கிரீமோ தயாரித்து விற்க 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். தின்கிற பொருளாக இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண். உங்கள் பாட்டிலில் எண் இருக்கும் இடத்தில் 'பாட்டியின் கைமணம்' என்று இருந்தால், பாட்டிக்கு உரிமம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கொலாப் அந்த இடத்திலேயே முடிந்து, உங்கள் தலைமுடியும் மிஞ்சும்.

கேட்கவில்லை என்றால் படப்பிடிப்பு. எண்ணெய் தேய்த்தால் முடி வளர மாதக்கணக்கில் ஆகும். ரீல் போட வேண்டிய நாளோ வியாழக்கிழமை. எனவே 'முன்பு' படத்தை எண்ணெய் வைக்காமல், தலை கலைத்து, டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று எடுங்கள். 'பின்பு' படத்துக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, டிரையர் பிடித்து, மாலை வெயிலில் மொட்டை மாடியில் நில்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் என்று எழுதுங்கள். உண்மையில் நடுவில் இருந்தது ஒரு காபி.

இந்த இடத்தில் விதிகள் உள்ளே வருகின்றன. ஆஸ்கி என்று சொல்லப்படும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், 2021 ஜூன் 14 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று பளிச்சென்று போட வேண்டும். 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் அந்த வார்த்தை குறைந்தது 3 நொடி நிற்க வேண்டும். அதற்கு மேல், 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரம். 30 நொடி ரீலில் 10 நொடி. இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவே கறிவேப்பிலைக்கு அடியில் கடுகு மாதிரி ஒளித்துவைத்தால் செல்லாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் ஒரு கையேடே வெளியிட்டது. நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது அது. காசு வாங்கினால்தான் என்று இல்லை, இலவசப் பொருள், கேட்காமல் வந்த பொருள், தள்ளுபடி, ஓட்டல் தங்கல், குடும்ப உறவு எல்லாமே அதில் சேர்த்தி. மாமா நகைக்கடையைப் பற்றி நீங்கள் உருகினால் அதுவும் விளம்பரம்தான்.

மீறினால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளைத் தவறான வழிக்கு இழுக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கூடவே ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றத் தடை விதிக்கலாம். மறுபடியும் என்றால் மூன்றாண்டு வரை. பத்து லட்சம் என்றதும் வயிற்றில் புளி கரைக்க வேண்டாம். ஏஜென்சி சொல்லும் சமாதானம் தயாராக இருக்கிறது: "விளம்பரம்னு போட்டா ரீச் அடிபடும் டியர்." அது என்னவோ உண்மைதான். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாள் என்று தெரிந்தால் சித்தி கொஞ்சம் யோசிப்பார். சித்தி யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அந்த அரை லிட்டர்.

சர்க்கரை வியாதியைக் குணமாக்கும் பொடி என்று ஒன்று வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அப்படிச் சொல்லி விளம்பரம் செய்வதை 1954லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமை விட வயதில் மூத்த சட்டம், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பக்கெட் பிரியாணி

சரி, உணவுப் பக்கம் வருவோம். ஊர்க் கடைக்காரர்கள்தான் சின்ன கிரியேட்டருக்கு உண்மையான எஜமானர்கள். திருச்சி தில்லை நகரில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பு விழாவுக்கு உங்களைப் போல ஆறு பேரை அழைத்திருப்பார்கள். ஆறு பேரும் ஆறு ரிங் லைட்டோடு வருவார்கள். குத்துவிளக்கு ஏற்றும் பெரியவர் முகத்தில் எந்த விளக்கைப் பார்ப்பது என்ற குழப்பம்.

பக்கெட் வரும். மூடியைத் திறக்கும்போது ஆவி கிளம்ப வேண்டும், அதுதான் ஷாட். முதல் தடவை திறந்தபோது உங்கள் போனில் ஸ்டோரேஜ் ஃபுல் என்று வந்தது. பழைய வீடியோக்களை அழிப்பதற்குள் ஆவி அடங்கிவிட்டது. மூடி, உள்ளே கொண்டுபோய், தம் போட்ட அண்டாவிலிருந்து மேலே கொஞ்சம் சுடச்சுட வைத்து, மறுபடி கொண்டுவருகிறார்கள். இரண்டாவது தடவை பக்கத்து மேசை கிரியேட்டரின் டிரைபாட் கால் ஃபிரேமில் வந்துவிட்டது. மூன்றாவது தடவை லெக் பீஸைப் பிய்த்து, கேமராவுக்கு நேராகத் தூக்கி, கண்ணை மூடித் திறந்து, "வேற லெவல்!" என்று சொல்லி முடித்தீர்கள். இன்னும் வாயில் வைக்கவில்லை. வைத்தபோது, உப்பு கொஞ்சம் தூக்கல். அதற்குள் முதலாளி பக்கத்தில் வந்து நிற்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திறப்பு விழாக் குங்குமம்.

"எப்படிம்மா இருக்கு?"

"சூப்பர்ண்ணா."

"நல்லாச் சொல்லி விடும்மா. பொண்டாட்டி நகைய வச்சுத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. உப்பு தூக்கல் என்று ரீலில் சொன்னால் அந்த அக்காவின் நகை மூழ்கும். வேற லெவல் என்று சொன்னால் ஐயாயிரம் பேருக்கு வயிறு எரியும். நான் சொல்வது, அவரைத் தனியாக அழைத்து உப்பு தூக்கல் என்று காதில் சொல்லிவிட்டு, ரீலில் கறி பஞ்சு மாதிரி வெந்திருந்ததை மட்டும் சொல்லுங்கள், அது நிஜமாகவே வெந்திருந்தால். உங்கள் தொழிலில் நேர்மை என்று ஒன்று மிஞ்சியிருந்தால் அதன் அகலம் அவ்வளவுதான். கூலி? ஒரு பக்கெட் பார்சல். வீட்டில் நான்கு பேர் சாப்பிடுவீர்கள், கரண்ட் பில்லுக்கு அதைக் கொடுக்க முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. காசு வாங்கிச் செய்யும் ரீலில் படப்பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். தோழியோடு ஆடும்போது இன்ஸ்டாகிராம் தரும் பாட்டு உரிமை, கடை விளம்பரத்துக்குச் செல்லாது. லைப்ரரியில் கிடைக்கும் உரிமைச் சிக்கல் இல்லாத இசையைப் போடுங்கள். எந்த ஊர் பிரியாணியும் அதைக் கேட்டால் ஏர்போர்ட் லவுஞ்ச் பிரியாணி மாதிரி ஆகிவிடும், என்ன செய்வது.

ரீஃபண்ட் டீல் என்று ஒன்றும் உண்டு. உங்கள் காசில் ஆன்லைனில் பொருள் வாங்கி, ஐந்து ஸ்டார் போட்டு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் காசைத் திருப்பித் தருவார்கள். தருவார்கள் என்பது எதிர்காலம்.

காசு கொட்டும் இடங்கள்

இத்தனை காலம் தைலமும் பிரியாணியுமாகப் போன பிறகு, திடீரென்று ஒருவர் பேரம் பேசாமல் நீங்கள் கேட்டதைக் கொடுக்கிறேன் என்பார். முன்பணமே முழுசாக. அந்த நொடியில் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பேரம் பேசாதவர் மூன்று வகை.

ஒன்று, பணம் வைத்து ஆடும் ஆப். ரம்மி, கலர் பார்த்துச் சொல்வது, கிரிக்கெட் பந்தயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை. அவற்றை விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இருந்தும் டெலிகிராமில் ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. "ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும் மேடம், யாருக்குத் தெரியப் போகுது" என்பார். ஸ்டோரி போய்விடும், ஸ்கிரீன்ஷாட் போகாது.

இன்னொன்று, பங்குச் சந்தையில் வாராவாரம் லாபம் தருகிறேன் என்கிற கோச்சிங் மாஸ்டர். செபியில் பதிவு பெற்றவரா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிளாக் செய்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு வேலை மிச்சம்.

மூன்றாவது மனை வியாபாரம், இதுதான் நம்ம ஊர் விசேஷம். நெடுஞ்சாலை ஓரத்தில் கருவேலங்காட்டைத் தட்டி, கல் நட்டு, வாசலில் ஒரு ஆர்ச் கட்டி, ஆர்ச்சில் ஏதோ ஒரு 'சிட்டி' அல்லது 'கார்டன்' என்று எழுதியிருப்பார்கள். உங்களை ஏசி காரில் கூட்டிப்போய், குடை பிடித்து நிறுத்தி, "ஜங்ஷன்லேர்ந்து பதினஞ்சே நிமிஷம்" என்று சொல்லச் சொல்வார்கள். காரில் வரும்போது நாற்பது நிமிடம் ஆனது உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட மனை விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. சித்தப்பா ரிட்டையர்மென்ட் காசில் அங்கே ஒன்றரை சென்ட் வாங்கி வைத்துவிட்டால், அதற்கப்புறம் தீபாவளிக்கு லால்குடி போவது கஷ்டம்.

மாற்றங்கள் மைனர்தான் டியர்

ஏஜென்சி வேலையில் 'பிரீஃப்' என்று ஒரு பிடிஎஃப் வரும். உங்கள் இயல்பான பாணியில் பேசுங்கள் என்று முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் நீங்கள் இயல்பாகப் பேச வேண்டிய ஒன்பது வாக்கியங்கள் இருக்கும், மும்பையில் யாரோ எழுதி மெஷினில் தமிழாக்கியவை. 'உங்கள் உச்சந்தலை நேசத்துக்குத் தகுதியானது' என்று ஒரு வரி. அதைக் கண்ணாடி முன் நின்று சிரிக்காமல் சொல்லிப் பழகுங்கள். ஸ்கிரிப்ட் அப்ரூவல், டிராஃப்ட் அப்ரூவல், கேப்ஷன் அப்ரூவல். பாட்டிலை வலது கையில் பிடித்ததை இடது கைக்கு மாற்றச் சொல்வார்கள். திரும்ப எடுத்தால் வெளிச்சம் போச்சு. மறுநாள் சுடிதார் வேறு. "அதே சுடிதார் ப்ளீஸ்." அது துவைக்கப் போயிருக்கும்.

ஒப்பந்தம் என்று ஒன்று அனுப்பினால் முழுசாகப் படிக்க வேண்டிய முதல் வரி இது: நீங்கள் எடுத்த வீடியோவை அவர்கள் எத்தனை நாள், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்ற வரி. 'நிரந்தரமாக, எல்லா ஊடகத்திலும்' என்று இருந்தால், ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் முகத்தை எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். அவர்கள் அதைக் காசு போட்டு விளம்பரமாக ஓட்டுவார்கள். உங்களை ஃபாலோ செய்யாத சேலத்துக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உங்கள் உச்சந்தலையைப் பார்ப்பார். முப்பது நாள், இன்ஸ்டாகிராமில் மட்டும், அதற்கு மேல் தனிக் காசு என்று திருத்தி அனுப்புங்கள். பத்துக்கு நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல ஆசை, சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு இல்லை. அதேபோல 'மூன்று மாதத்துக்கு வேறு எந்தத் தைலத்தையும் பற்றிப் பேசக் கூடாது' என்ற வரி. மூன்று மாதம் பட்டினி கிடக்கச் சொல்கிறவர் மூன்று மாதச் சோற்றுக்கும் பொறுப்பு.

காசு எப்போது வரும்?

ரீல் ஏறிய மறுநாள் நீங்கள் இன்வாய்ஸ் அனுப்புவீர்கள். "ஃபைனான்ஸ் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டேன் டியர்." அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று போகும். டியர் வேலை மாறிப் போய்விடுவார். புது டியர் வந்து, இன்வாய்ஸை மறுபடி அனுப்பச் சொல்வார்.

இனி வரும் பத்தியை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கட்டுரையிலேயே காசு பெறும் பத்தி இதுதான். அரசாங்கத்தின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக உங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. ஆயிரம் ரூபாய் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல. பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சடியுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. தராமல் இழுத்தால் குறு, சிறு தொழில்களுக்கான அரசாங்கத் தளத்தில் புகார் தரலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொரு பிடியும் உண்டு: கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை அந்தக் கம்பெனி வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. "45 நாள் தாண்டிடுச்சு, உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று எழுதிப் பாருங்கள். ஃபைனான்ஸ் டீம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தால் அது அப்போதுதான் கண் விழிக்கும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிடிஎஸ் பிடித்துவிட்டோம் என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஏறியிருந்தால், உங்களுக்கு வரி இல்லாத பட்சத்தில் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஏறவில்லை என்றால் பிடித்தது டிடிஎஸ் அல்ல, பிடித்தவரின் டீச்செலவு. இலவசமாக வந்த பொருளுக்கும் கணக்கு உண்டு. 2022 ஜூலை 1 முதல் வந்த விதிப்படி, ஒரே இடத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டால் 10 சதவீத வரி. படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் கிடையாது. 25,000 ரூபாய் போனைக் கொடுத்து, "வரி 2,500ஐ ஜிபே பண்ணிடுங்க டியர்" என்று கேட்டால் அது மோசடி என்று நினைத்து விடாதீர்கள், சட்டமாகவும் இருக்கலாம். கூந்தல் தைலத்தில் அந்த எல்லையை எட்ட இருபத்தைந்து லிட்டராவது தேவைப்படும். வருமான வரிப் படிவத்தில் சமூக ஊடக இன்ஃப்ளூயன்சர்களுக்கென்று 16021 என்ற தனிக் குறியீடும் வந்துவிட்டது. வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாத தொழிலை வருமான வரித் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது.

கஸ்டமர் கேர்

ரீல் ஓட ஆரம்பித்ததும் நீங்கள் பேசாத இன்னொரு வேலையும் உங்கள் தலையில் ஏறும். "ப்ரைஸ்?" என்று கேப்ஷனில் விலை இருக்கும்போதே அறுபது பேர் கேட்பார்கள். பத்து நாள் கழித்து, "அக்கா, ஆர்டர் போட்டேன், இன்னும் வரல, அந்த நம்பர் எடுக்கவே மாட்டேங்குறாங்க" என்று வரும். பாட்டில் உடைந்து வந்த படம் வரும். தலை அரிக்கிறது என்று வரும். கம்பெனிக்கு நீங்கள் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், பதில் விழாது. புகார் எல்லாம் உங்களிடமே வரும், ஏனென்றால் வாங்கியவர்களுக்குக் கம்பெனியைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். கம்பெனி உங்களிடம் வாங்கிய சரக்கே அதுதான். நானூறு ரூபாய் எண்ணெய்க்கு அதைக் கொடுத்தோமே என்று உங்களுக்கு ஒருநாள் இரவு தோன்றலாம். தோன்றினால் அடுத்த தடவை கமர்ஷியல்ஸ் அனுப்பும்போது ஒரு சைபர் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் போய்விடுவார்கள், தூக்கமாவது வரும்.

கடைசியாக லால்குடியிலிருந்து போன் வரும். லைக் போட்டு, ஹார்ட்டின் விட்டு, "என் செல்லம்" என்று கமெண்டும் போட்ட சித்தி, போனில் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"ஏண்டி, அந்த எண்ணெய் நெஜமாவே நல்லாருக்கா, இல்ல சும்மா காசுக்குச் சொன்னியா?"

"காசெல்லாம் குடுக்கல சித்தி."

"அப்ப வாங்கட்டுமா?"

பிரீஃபில் இந்தக் கேள்வி இல்லை. அப்ரூவல் வாங்க நேரமும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, "வாங்காத சித்தி, எங்கிட்டயே முக்கால் பாட்டில் கெடக்கு, ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, சொன்னபடி எடுத்துக்கொண்டு போவது. மூடியை இறுக்கிக் கவரில் கட்டுங்கள், பஸ்ஸில் கொட்டினால் புடவை போகும், வாசம் போகாது. கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: மகளிர் குழுவில் யாரிடமாவது இந்தத் தைலத்தைப் பற்றிப் பேசினால், முதலில் 'விளம்பரம்' என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இலவசப் பொருள், குடும்ப உறவு, இரண்டுமே அந்தக் கையேட்டில் இருக்கின்றன.